சகோதரி என்ற சொல்லும் மூழ்கிய கப்பல்களும்

டைட்டானிக் கப்பலில் இரு சகோதரிகள். ஒருத்தி மேல்தளத்தில் ஒரு சீமாட்டியின் துணையாளாகப் பயணிக்கிறாள். இன்னொருத்தி அடித்தளத்தில் மூன்றாம் வகுப்பில். ஒருத்தி பிழைக்கிறாள், ஒருத்தி மூழ்குகிறாள். பிழைத்தவள் இறந்தவளின் பெயரைச் சூடிக்கொண்டு அமெரிக்காவில் புதுவாழ்வு தொடங்குகிறாள். ஆங்கிலத்தில் இந்தக் கதையும் இதன் ஒன்றுவிட்ட உறவுகளும் சலிக்கச் சலிக்க எழுதப்பட்டாயிற்று. இப்போது தமிழிலும் எழுதப்பட்டுவிட்டது. அச்சுக்குப் போகுமுன் மொழி பார்த்துத் தரும்படி ஒரு பதிப்பாளர் அனுப்பிய நானூறு பக்கப் படியை மட்டாஞ்சேரியின் மழை நாள்களில் இரண்டு வாரம் படித்தேன். எழுதியவர் இளையவர், கடும் உழைப்பாளி. அவர் பெயரும் நாவலின் பெயரும் இங்கே வேண்டாம். என் சண்டை அவரோடு இல்லை. இப்படி எழுதினால்தான் ‘உலகத் தரம்’ என்று அவரை நம்பவைத்த நம் வாசிப்புச் சூழலோடுதான்.

முதலில் மொழி, நான் கற்ற தொழில் அதுதான். நாவல் முழுவதும் அவ்விரு பெண்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள். கதைசொல்லியோ ‘அவளுடைய சகோதரி’ என்றே எழுதிச் செல்கிறார். யார் மூத்தவள், யார் இளையவள் என்பது பாதி நாவல் கடந்த பின்னரே, அதுவும் ஒரு பிறந்தநாள் விருந்தின் வாயிலாகத்தான் எனக்குத் தெரியவந்தது. ஆங்கிலத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. அம்மொழியின் உறவுப்பெயர் மூப்பையும் இளமையையும் காட்டுவதில்லை. தமிழில் காட்டியே ஆகவேண்டும். ‘சகோதரி’ என்பது மேடையிலும் தேவாலயத்திலும் தேர்தல் துண்டறிக்கையிலும் வாழும் சொல். எந்த வீட்டின் அடுக்களைக்குள்ளும் அது நுழைந்ததில்லை. நம் வீடுகளில் அக்காளும் தங்கையும்தான் இருக்கிறார்கள். நான் குடியிருக்கும் தெருவில் சேச்சியும் அனியத்தியும் இருக்கிறார்கள். தெலுங்கில் அக்காவும் செல்லெலுவும் இருக்கிறார்கள்.

சொல்லாய்வு செய்பவனுக்குச் சொல்தான் பெரிதாகத் தெரியும் என்று நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் நாவலின் உச்சக் காட்சியைப் பாருங்கள். படகில் ஒரே ஓர் இடம். கரையில்லாக் கடலில் இரண்டு பெண்கள். ‘அக்கா’ என்ற சொல்லை எழுதிய கணமே அவள் தலையில் ஒரு சுமை ஏறிவிடுகிறது. யார் கையை யார் பற்றியிருக்க வேண்டும், யார் முதலில் ஏற வேண்டும், ஏறியவள் பிற்காலத்தில் எந்தக் குற்றவுணர்வோடு உறங்கப்போவாள் என்பவை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றன. அக்காட்சியில் மூத்தவள் யார் என்று சொல்லாமல் ஒரு தமிழ் வாக்கியம் நகருமானால், அது வேறொரு மொழியில் சிந்திக்கப்பட்டுத் தமிழ் எழுத்தில் அச்சாகிறது என்றுதான் பொருள்.

இத்தனைக்கும் அந்தக் கப்பலில் உண்மையாகவே ஓர் அக்காளும் தங்கையும் பயணம் செய்தார்கள். அவர்கள் பயணம் தொடங்கியது நம் மாகாணத்தில்.

ரூத் பெக்கர் 1899 அக்டோபரில் குண்டூரில் பிறந்தவர். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூர், 1842 முதல் அமெரிக்க லூத்தரன் மிஷன் வேரூன்றியிருந்த ஊர். தந்தை ஆலன் பெக்கர் அம்மிஷனின் ஊழியர். கடைக்குட்டி ரிச்சர்டு நோயுற்றான். அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பான் என்று மருத்துவர்கள் கூறினர். 1912இல் தாய் நெல்லி மூன்று குழந்தைகளோடு புறப்பட்டார். தந்தை குண்டூரிலேயே தங்கினார். ரூத்துக்கு வயது 12, மேரியனுக்கு 4, ரிச்சர்டுக்கு இன்னும் 2 நிறையவில்லை. இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, சவுத்தாம்ப்டனில் டைட்டானிக்கின் இரண்டாம் வகுப்பில் ஏறினார்கள்.

ஏப்ரல் 14 நள்ளிரவையொட்டிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. தாயும் குழந்தைகளும் தளத்துக்கு ஏறியபோது குளிர் தாங்க முடியவில்லை. கம்பளிகளை எடுத்துவரும்படி தாய் ரூத்தை மீண்டும் அறைக்கு அனுப்பினார். அவள் எடுத்துவந்தாள். 11ஆம் எண் படகில் மேரியனையும் ரிச்சர்டையும் தூக்கிவைத்தவர்கள், படகு நிறைந்துவிட்டது என்றார்கள். என் பிள்ளைகளோடு என்னையும் விடுங்கள் என்று தாய் அலறவே, அவரை ஏற்றிக்கொண்டார்கள். ரூத் தளத்தில் நின்றாள். வேறு படகில் ஏறிக்கொள் என்று இறங்கிக்கொண்டிருந்த படகிலிருந்து தாய் கூவினார். பன்னிரண்டு வயதுச் சிறுமி தானே நடந்து சென்று, 13ஆம் எண் படகருகே நின்றவரிடம் ஏறலாமா என்று கேட்டு, ஏறினாள். அந்தப் படகு கீழே இறங்கியதும் அதன் தலைக்கு நேர்மேலே 15ஆம் எண் படகு இறங்கத் தொடங்கியது. கயிற்றை அறுத்து நூலிழையில் தப்பினார்கள். கொதிகலன் அறையிலிருந்து கைவைக்காத சட்டையோடு ஓடிவந்திருந்த கரித்தள்ளும் ஆட்களுக்கு அந்தக் கம்பளிகள் போயின. படகில் தன் கைக்குழந்தையைப் பிரிந்து கதறிய ஒரு தாயை அவள் தேற்றினாள். கார்ப்பேத்தியா கப்பலில் அக்குழந்தையைத் தேடவும் உதவினாள். அதன் பிறகே தன் தாயையும் தங்கையையும் தம்பியையும் கண்டாள்.

அக்காள் என்ற சொல்லுக்கு இதைவிட எவரும் உரை எழுத முடியாது. மூத்தவள் என்பதால் கம்பளி எடுக்கப் போனாள். மூத்தவள் என்பதால் தளத்தில் விடப்பட்டாள். மூத்தவள் என்பதால் தானே வழிதேடிக்கொள்வாள் என்று தாய் நம்பினார். ரூத் பின்னாளில் பள்ளி ஆசிரியையானார். பணியில் இருந்த காலமெல்லாம் அந்த இரவைப் பற்றிப் பேசவில்லை; பெற்ற பிள்ளைகளுக்கே அது நெடுங்காலம் தெரியாது. தங்கை மேரியன் 1944இல் காசநோயால் இறந்தார். ரூத் 1990இல் 90 வயதில் மறைந்தார். 1994இல் அவரது சாம்பலைக் கப்பல் மூழ்கிய இடத்திலேயே கரைத்தார்கள்.

இவ்வளவும் பதிவில் இருக்கிறது. ஆனாலும் நம் நாவலாசிரியருக்குக் கற்பனைச் சகோதரிகள் தேவைப்படுகிறார்கள். ஏன்? மேல்தளத்தில் ஒருத்தி, அடித்தளத்தில் ஒருத்தி என்ற அமைப்புக்கு உண்மைக் குடும்பங்கள் ஒத்துழைப்பதில்லை. குடும்பங்கள் ஒரே சீட்டில் பயணம் செய்தன. ஒரே சீட்டில் பிழைத்தன. ஒரே சீட்டில் செத்தன. மெர்சி பிரபு தலைமையில் நடந்த பிரித்தானிய விசாரணையின் கணக்குப்படி இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேரும் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பில் 79 குழந்தைகளில் கரை கண்டவர்கள் 27 பேர். பெக்கர் வீட்டுக் குழந்தைகள் அந்த 24இல் அடக்கம். மூன்றாம் வகுப்பில் சேஜ் என்றொரு குடும்பம் பீட்டர்பரோவிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் புறப்பட்டது: தாய், தந்தை, ஐந்து மகன்கள், நான்கு மகள்கள். பதினொருவரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நான்கு சகோதரிகளைப் பற்றி நாவல் எழுதுவதென்றால் அங்கே எழுதலாம். ஆனால் அதில் பிழைத்தவள் என்று ஒருத்தி இல்லை, பெயர்மாற்றம் இல்லை, நியூயார்க்கில் காதல் இல்லை. வரலாற்றுப் புனைவு என்ற பெயரில் நாம் வாங்குவது பெரும்பாலும் அந்தக் காதலைத்தான். வர்க்கம் என்பது அங்கே உடையிலும் உணவு மேசையிலும் தெரியும் வேறுபாடாகச் சுருங்கி, இரு சகோதரிகள் கட்டித்தழுவும்போது கரைந்துபோகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்த படியில் கரண்டிகளின் வரிசை முதல் கையுறைகளின் துணிவகை வரை ஆராயப்பட்டிருக்கிறது. அதே ஆசிரியர், அதே கப்பலில் குண்டூரிலிருந்து சென்ற குடும்பம் இருந்ததையோ, இந்தியாவின் ஜாஞ்ச்கீரில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஆனி ஃபங்க் என்ற ஊழியர் அதில் மூழ்கி இறந்ததையோ கண்டுகொள்ளவில்லை. ஆதாரம் கிடைக்காமல் இல்லை. பார்வை எந்தத் திசையில் பழக்கப்பட்டிருக்கிறது என்பதே சிக்கல்.

சரி, பெக்கர் சகோதரிகளைத் தமிழில் எழுதிவிட்டால் போதுமா என்றால், போதாது. அவர்கள் மிஷனரி வீட்டுப் பிள்ளைகள். திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு நாடு இருந்தது. நம்மவர்கள் கப்பல் ஏறிய கதை வேறு.

தொல்காப்பியத்தின் அகத்திணையியல், கடல்வழிப் பிரிவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்று விதிக்கிறது. நச்சினார்க்கினியர் இந்நூற்பாவில் கடலையே காணாமல் ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவையே கண்டார் என்பது வேறு வழக்கு. எப்படியாயினும், தமிழ் இலக்கியத்தில் கப்பல் ஏறுபவன் ஆண். கரையில் காத்திருப்பவள் பெண். மணிமேகலையில் கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்குபவன் சாதுவன். கணவன் இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்குபவள் ஆதிரை. இருபதாம் நூற்றாண்டு வரலாற்று நாவலில் கல்கி ஒரு பூங்குழலிக்குத் துடுப்பைக் கொடுத்தார். சாண்டில்யன் கடல் புறாவை ஓட்டினார். ஆனால் அந்தக் கடலில் இளவரசர்களும் படைத்தலைவர்களுமே போய்வந்தார்கள். சீட்டு வாங்கி, மூட்டையோடு தளத்தில் பாய் விரித்துப் படுத்த பயணிக்கு நம் வரலாற்றுப் புனைவில் இன்றுவரை இடமில்லை. ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி விதிவிலக்கு. அதிலும் தோணியில் ஆண்களே.

இலக்கணம் தடுத்ததைக் காலனியச் சட்டம் கட்டாயமாக்கியது என்பது வரலாற்றின் குரூரமான நகைச்சுவை. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றும் கப்பல்களில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்கவேண்டும் என்ற விகிதம் பிற்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16இல் 342 பேரோடு டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் 152,184 பேர்; அவர்களுள் பெரும்பாலோர் சென்னை வழியே சென்றவர்கள். இவர்களைப் பற்றிய பட்டியல்கள் அழியவில்லை. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதப்பட்டிருக்கிறது. பெயர்களை எழுத்தர்கள் சிதைத்திருக்கிறார்கள். ஆனால் தந்தை பெயரும் ஊரும் ஒன்றாக, வயது மட்டும் மூன்றோ நான்கோ வேறுபட்டு, அடுத்தடுத்த எண்ணில் இரண்டு பெண்கள் நின்றால் அவர்கள் யார்? அக்காள் யார், தங்கை யார் என்று சொல்ல அந்த வயதுப் பத்தி போதும். ஆங்கில எழுத்தன் அறியாமலே தமிழ் உறவுமுறையைப் பதிந்துவைத்திருக்கிறான். கப்பல் மூழ்கினால்தான் கதை என்பவர்களுக்கு, 1884 மே 11இல் ஃபிஜியின் நசிலாய் பவளப்பாறையில் மோதிச் சிதறிய சிரியா இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து 497 கூலிகளை ஏற்றிச் சென்ற அக்கப்பலில் 59 உயிர்கள் போயின. அதில் தமிழர் இல்லை. தமிழர்கள் ஃபிஜிக்குப் போனது அதற்குப் பின்னர். ஆயினும் சவுத்தாம்ப்டனைவிட அது நமக்கு அண்மையில் இருக்கிறது.

மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் எனக்கொரு வசதி உண்டு. தமிழும் மலையாளமும் கொங்கணியும் தக்னியும் குஜராத்தியும் கச்சியும் ஒரே சந்தையில் விலைபேசும் இடம் இது. இங்குள்ள குஜராத்தி வீதியில் டைட்டானிக் என்றால் முதியவர்கள் விஜளி என்பார்கள். வைதரணா என்ற நீராவிக் கப்பலுக்கு, அதில் எரிந்த மின்விளக்குகளால், மின்னல் என்று பொருள்படும் அந்தப் பெயரை மக்கள் இட்டார்கள். 1888 நவம்பரில் கச்சின் மாண்டவியிலிருந்து மும்பைக்குப் புறப்பட்டு, சௌராஷ்டிரக் கரைக்கு அப்பால் புயலில் காணாமற்போனது. 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குஜராத்தியில் அதற்கு நாட்டுப்பாடல் உண்டு. குணவந்தராய் ஆச்சாரியா அதை நாவலாக்கினார். டைட்டானிக்குக்கு 24 ஆண்டுகள் முன்னர் மூழ்கிய தம் கப்பலை அவர்கள் இன்னும் தம் மொழியில் பாடுகிறார்கள். பொறாமையாக இருக்கிறது.

இதே மக்களின் இன்னொரு கப்பல் திலாவா. 1942 நவம்பர் 20இல் மும்பையிலிருந்து ஆப்பிரிக்காவின் மொம்பாசா, டர்பன் துறைமுகங்களை நோக்கி 958 பேருடன் புறப்பட்டது. 23ஆம் தேதி அதிகாலையில் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக் கப்பல் அதைத் தாக்கியது. முதல் தாக்குதலில் கப்பல் மூழ்கவில்லை. படகுகளை நோக்கி ஏற்பட்ட நெரிசலிலேயே பலர் மடிந்தனர். சிறிது நேரம் கழித்து இரண்டாவது ஏவுகணை பாய்ந்தது. இறந்தவர் 280 பேர். எஞ்சியவர்களுள் பெரும்பாலோரை பர்மிங்ஹாம் என்ற போர்க்கப்பல் மீட்டு 27ஆம் தேதி மும்பையில் இறக்கியது. ஐந்தே மாதம் கழித்து, 1943 ஏப்ரலில், மடகாஸ்கருக்கு அப்பால் ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டதும் இதே ஐ-29தான். இதற்குமேல் ஒரு வரலாற்று நாவலாசிரியனுக்கு என்ன வேண்டும்? நேதாஜியின் படம் இல்லாத தேநீர்க்கடை தென்தமிழகத்தில் அரிது. அவரைச் சுமந்த கலம் எத்தனை இந்தியத் தாய்மாரையும் பிள்ளைகளையும் கடலில் தள்ளியது என்று எழுதிய தமிழ்ப் புனைவை நான் பார்த்ததில்லை.

திலாவாவோடு மூழ்கிய 2,364 வெள்ளிக்கட்டிகளை யாரும் மறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிக்க வாங்கிய வெள்ளி அது. 2017இல் ஒரு நிறுவனம் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அதை வெளியே எடுத்தது; உரிமை வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை சென்று 2024 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு கட்டியும் எண்ணப்பட்டிருக்கிறது. மனிதர்களின் பெயர்களை அவர்களின் பேரப்பிள்ளைகள் தாமாகத் தேடித் தொகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுத்தாளனின் சுதந்திரத்தில் தலையிட நீ யார் என்று கேட்பார்கள். தலையிடவில்லை. சவுத்தாம்ப்டனைப் பற்றி எழுதத் தமிழனுக்கு உரிமையுண்டு. சவுத்தாம்ப்டன்காரன் நம்மைப் பற்றி எழுதாமல் இருந்தானா? ஆனால் ‘வரலாற்றுப் புனைவு’ என்று அட்டையில் அச்சிட்டபின், எந்த வரலாற்றை எடுத்தாய், எதை விட்டாய் என்று வாசகன் கேட்பான். அந்தக் கேள்வி உரிமைப் பறிப்பு ஆகாது. உணர்வுகள் உலகப் பொதுவானவை, சகோதரிப் பாசத்துக்கு ஊர் ஏது என்றும் சொல்வார்கள். பாசம் பொதுவாக இருக்கலாம். அதைச் சொல்லும் சொல் பொதுவாக இல்லை என்பதை மேலே காட்டினேன். சான்று இல்லாமல் எப்படி எழுதுவது என்பது மூன்றாவது மறுப்பு. இதுதான் எனக்குக் கோபமூட்டுவது. நேட்டால் பட்டியல்கள் கணினித் தரவாகவே கிடைக்கின்றன. நானூறு பக்கத்துக்குக் கையுறை ஆராய்ந்தவருக்கு அவற்றைப் புரட்ட ஒரு மாலைப்பொழுது போதும்.

அவ்வளவு தொலைவுகூடப் போகவேண்டியதில்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர்களை ஏற்றி இறக்கியது. அதற்குப்பின் வந்தது எம்.வி. சிதம்பரம், பிரெஞ்சுக்காரர்களிடம் பாஸ்தேர் என்ற பெயரில் ஓடிய கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி அந்தப் பெயரிட்டது. தில்லைக் கூத்தனின் பெயர் தாங்கிய கப்பலில் 1985 பிப்ரவரியில், வங்கக் கடலில், தீப்பிடித்தது. பயணிகள் மாண்டார்கள். கப்பல் பின்னர் உடைப்புக்குப் போயிற்று. நாகப்பட்டினத்துக்கும் மலேசியாவுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் என்ற வாழ்க்கைமுறையும் அத்தோடு முடிந்தது. அன்று அந்தத் தளத்தில் புகைக்கு நடுவே தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்து வயது அக்காள் ஒருத்தி இருந்திருப்பாளானால், அவர் இப்போதுதான் ஐம்பதைத் தொட்டிருப்பார். நாகூரிலும் காரைக்காலிலும் பினாங்கிலும் அந்தக் கப்பலில் வந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவர்கள் வாசலில் உட்காரும் நாவலாசிரியர் யாராவது உண்டென்றால், பேருந்துக் கட்டணத்தை என் உதவித்தொகையிலிருந்து தருகிறேன்.